டஸ்கரோரா தலைவர் வீட்டுப் படம்: அந்த ஒற்றை வரி போதாது

அமெரிக்கப் பழங்குடி மக்களில் ஒரு பிரிவினரான டஸ்கரோராக்களின் பழைய படங்களை ‘டஸ்கரோரா தலைவரின் வீடு’ என்று ஒரு வரி போட்டுப் பகிர்கிறவர்கள், அந்த வரியைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள். படத்தில் மரப்பலகை வீடும் தோட்டமும் இருந்தால் போதும், ‘வெள்ளையர் போல வாழக் கற்றுக்கொண்டவர்கள்’ என்று கீழே எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். இது அநியாயம்.

வட கரோலினாவில் 1711-13 போரில் நிலம் இழந்து வடக்கே வந்து, 1722 வாக்கில் பழங்குடி நாடுகள் ஒன்றுசேர்ந்த இரோக்குவா கூட்டமைப்பின் ஆறாவது நாடாகச் சேர்ந்தவர்கள் டஸ்கரோரா மக்கள். நயாகரா அருவிக்குப் பக்கத்தில், லூயிஸ்டன் அருகே அவர்களுக்கு இருக்கும் நிலத்தில் 4,329 ஏக்கர் 1804இல் ஹாலந்து நிலக் கம்பெனியிடம் பணம் கொடுத்து வாங்கியது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 1813 டிசம்பரில் பிரிட்டிஷ் படை அவர்களுடைய ஊரை எரித்தது. ஆகவே ‘அதற்கும் முந்தைய வீடு’ என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது, வீட்டுப் பெண்ணின் பெயர் விடுபடுவது. தலைவர் ஜான் மவுண்ட் பிளெசன்ட்டின் வீடு என்றால் அது கரோலைன் பார்க்கரின் வீடும்தான். 1864இல் அவரை மணந்த கரோலைன், அதே கூட்டமைப்பின் இன்னொரு நாடான செனெக்கா இனத்தவர், மணிவேலைப்பாட்டில் பேர்பெற்றவர். இந்த மக்களிடம் குலம் தாய்வழியில் வருகிறது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் குலத்தை வழிநடத்தும் பெண்ணான குலத்தாய்தான். அப்படியிருக்க ஆண் பெயர் மட்டும் போட்டால் பாதி வீடுதான் தெரியும்.

படம் கையில் இருந்தால் முதலில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ அஞ்சலட்டையிலிருந்தோ வந்த அச்சுப்படம், மூலப்படம் அல்ல. காகித நார் தெரிந்து, வெளிச்சப் பகுதி மஞ்சளாகியிருந்தால் 19ஆம் நூற்றாண்டின் ஆல்புமின் (முட்டை வெள்ளைக்கரு பூசிய) தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். கறுத்த இடங்களில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பளபளப்பு மின்னினால் பெரும்பாலும் ஜெலட்டின் பூசிய தாள். மரத்து இலை மங்கி, வாசலில் நிற்பவர்கள் மட்டும் கூர்மையாக இருந்தால், பல விநாடி அசையாமல் நிற்க வைத்து எடுத்த படம் என்று கொள்ளலாம். அதை அன்றாடக் காட்சி என்று எழுதாதீர்கள்.

ஸ்கேன் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறையவேண்டாம். ஓரத்தை வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நிறத்தைத் திருத்திய பிரதியைத் தனியாக வையுங்கள். பின்னால் பேனாவால் எழுதவே கூடாது, மை ஊறி முன்பக்கம் வரும்.

வீடு இருந்த இடத்தையும் குறியுங்கள். 1960 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு டஸ்கரோரா நிலத்தில் சுமார் 550 ஏக்கர் மின்திட்ட நீர்த்தேக்கத்துக்குப் போனது. அந்தப் பகுதியில் இருந்த வீடா என்பதைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, டஸ்கரோரா மக்களிடமே கேட்டு எழுதுங்கள்.