என் நேரத்திற்குக் கணக்குக் கேட்பவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் என் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் சனிக்கிழமை இரவு சூமில் ஆற்றிய உரையை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள் என்பதால் அதை இங்கே விவரிக்கவில்லை. ஊரடங்கில் வீட்டில் இருந்தும் புதிதாக ஒன்றும் கற்காதவன் சோம்பேறி என்ற ஒரு வசனம் மட்டும் நான்கு நாட்களாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வீட்டில் அடைபட்டிருப்பது வேறு, ஓய்வாக இருப்பது வேறு.

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு, கொரோனாவுக்காக இலங்கை முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பல மாவட்டங்களில் இடைக்கிடை தளர்த்தினார்கள், யாழ்ப்பாணத்தில் இதை எழுதும்போதும் நீடிக்கிறது. என் வீட்டில் இருப்பது ஒரே கைத்தொலைபேசி. இரண்டு பிள்ளைகளின் பாடங்களும் வைபரில் வருகின்றன. கிணற்றுக்கட்டருகே நின்றால்தான் சிக்னல். மூத்தவள் திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதி முடிக்கும்வரை சின்னவன் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி காத்து நிற்கிறான். டேட்டா முடிந்தால் ரீலோட் போடக் கடையும் திறந்திருப்பதில்லை.

பக்கத்து வளவில் இருப்பவர் மேசன், நாட்கூலிக்காரர். சாந்து பூசும் கரண்டி துருப்பிடித்துவிடுமென்று ஒவ்வொரு காலையும் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, மீண்டும் சாக்கில் சுற்றி வைக்கிறார். அவரும் ஸ்பானிய மொழி படிக்கவில்லை. அவரையும் சோம்பேறிகளின் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நல்லெண்ணத்திற் சொன்னதைத் திரிக்கிறாய்" என்பீர்கள். இருக்கலாம். "வீட்டுத் தோட்டமாவது செய்யலாமே" என்பவர்களுக்கு: செய்திருக்கிறேன், இரண்டு பாத்தி கீரை. ஆனால் இங்கே யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டம் செய்து, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியின்றி நிற்பவரிடம் இந்த அறிவுரையைச் சொல்லிப் பாருங்கள். "முகநூலில் எழுத மட்டும் நேரம் இருக்கிறதோ" என்றும் ஒருவர் கேட்பார். ஆம், இருக்கிறது; பிள்ளைகள் உறங்கிய பின்னர்.

உண்மையில் என்னைச் சுட்டது சோம்பேறி என்ற சொல்லும் அல்ல. "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள்" என்று அந்த உரையில் என் தோழர் பெருமையோடு சொன்னார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த அந்த விளக்கில் நானும் அவரும் ஒரே வகுப்பில் இருந்தபோது படித்தோம். ஆனால் 1994 இல் அவர் வெளிநாடு போய்விட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில், போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நகர்ந்த சனத்துள் நான் நின்றேன்; புத்தகப் பை எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. உயர்தரப் பரீட்சையை ஒரு வருடம் பிந்தி எழுதினேன். அந்த ஒரு வருடத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று அன்று எவரும் கேட்கவில்லை. அந்த விளக்கை மேடையில் ஏற்றிவைத்து, அதன் வெளிச்சத்தில் என் பிள்ளைகளை அளக்க அவருக்கு என்ன உரித்து?

நேற்று அடுத்த உரைக்கான அழைப்பும் வந்திருக்கிறது. தலைப்பு நேர முகாமைத்துவம். எங்கள் நேரப்படி இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் தொலைபேசி சின்னவனுக்கு.