குளம் வெட்டும் முன் ஓரத்தைக் கவனியுங்கள்

பாகூர், கடலூர் பக்கம் புதிதாகக் குளம் வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீனும் வளரணும், பறவையும் வரணும் என்று ஆசைப்பட்டுவிட்டு, ஜேசிபிக்காரரிடம் "நல்லா ஆழமா எடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டினால் கிடைப்பது வெறும் தண்ணீர்த் தொட்டி.

குளத்துக்கு உயிரே அதன் ஓரம்தான். மனிதர் வெட்டிய நீர்நிலைக்கும் பறவை வரும்; 2008இல் பறவைகள் சரணாலயமான புதுச்சேரி ஊசுட்டேரியும் மனிதர் கட்டிய ஏரிதான். கொக்கும் நாரையும் ஆழமில்லாத நீரில் நின்றுதான் இரை எடுக்கும். விரால் கரையோரப் புல்லை விலக்கி வட்டமாக இடம் பண்ணி முட்டையிடும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளிக்க, பெரிய மீன் அடியில் காவல் நிற்கும். செங்குத்துக் கரையில் இதெல்லாம் எங்கே நடக்கும்?

உட்கரை ஓரடி இறங்க மூன்றடி நீளம் என்று சரிவு விடுங்கள். ஒரு பக்கமாவது 10 அடி அகலத்துக்கு ஒன்று, ஒன்றரை அடி ஆழமே இருக்கட்டும். அங்கே கோரையும் அல்லியும் வையுங்கள். கோடையில் மீன் ஒதுங்க நடுவில் 8 அடி மடு போதும். கடலோர ஊர் என்றால் பக்கத்துக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆழம் கூடினால் உப்புநீர் ஊறும். எடுத்த மண்ணைக் கரையில் அப்படியே குவித்தால் ஐப்பசி மழை உள்ளே இழுத்துவிடும். அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, இறுக்கி, வெட்டிவேர் நடுங்கள்.

மீன்குஞ்சு விடுவதில்தான் பேராசை வருகிறது. தீனி போடாத குளத்துக்கு ஏக்கருக்கு 1000 முதல் 1500 விரலளவுக் குஞ்சுகள் தாராளம்: கெண்டை வகைகளான கட்லா நாலு பங்கு, ரோகு மூன்று, மிர்கால் மூன்று. வெள்ளம் வடிந்தபின் விடுங்கள், இல்லையென்றால் மிகுநீர் வெளியேறும் கலிங்கு வழியே போய்விடும். குஞ்சுகள் வந்த பையைக் குளத்தில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பிறகே திறக்க வேண்டும். புல்கெண்டை வேண்டாம், நட்டதையெல்லாம் மேய்ந்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அறவே கூடாது, அதை வளர்க்கத் தடையே இருக்கிறது.

மப்பான நாட்களில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் யாரோ விஷம் கலந்ததாகப் புரளி கிளம்பும். பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான். இரவில் பாசியும் அதை இழுக்கும், உரமாகப் போட்டு அடியில் மக்கும் சாணமும் இழுக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டைகள் திணறும். சாணத்தை நிறுத்திவிட்டு, குளத்து நீரையே மோட்டாரால் இறைத்து உயரத்திலிருந்து சிதறவிடுங்கள்.

கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு என்ற களைச்செடி தலைகாட்டினால் அன்றே வேரோடு பிடுங்கி, தண்ணீர் படாத இடத்தில் காயப்போடுங்கள். வெட்டிப்போட்ட தண்டு ஈரம் பட்டால் மறுபடி வேர்விடும்.