ஆமாம், தண்ணீர்க் குழாயை மூடியது நான்தான்

கோடைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கிப்போன பெரியம்மாவின் மகன், அண்ணை, இணையத்தில் எழுதிய அந்தப் பதிவை நானும் பார்த்தேன். ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதில் மொத்தம் ஏழு தடவை பார்த்தேன். பெயர் போடாமல் எழுதினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு போல. பிரான்சின் நாட்டுப்புறத்தில் பழைய கல்வீடு வாங்கிப் போன லண்டன் ஈஸ்ட்ஹாம்காரன் என்றால் நம் சொந்தத்துக்குள் அது வேறு யார்? ஏசி இல்லை, வைஃபை நகராது, பன்னிரண்டு மணிக்குக் கடை பூட்டிவிடுவார்கள் என்று எழுதியது எல்லாம் உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. "தண்ணிகூடத் தராத வீடு" என்று ஒரு வரி இருக்கிறதே, இந்தப் பதிவு அந்த வரிக்கு மட்டும்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன். நான் இங்கே ஹொலிடேயில் இல்லை. குடியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஜூலை கடைசிச் சனிக்கிழமை, ஜூலையில் லீவு எடுத்தவர்கள் திரும்ப, ஆகஸ்ட்காரர்கள் கிளம்ப, நாடே ரோட்டில் நிற்கும் நாள். அன்றைக்குப் பார்த்து கலே துறைமுகத்திலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்தார்கள், இரண்டு கார், ஒன்பது பேர். களைத்துத்தான் வந்தார்கள், காரின் முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி, அது எனக்கு விளங்காமல் இல்லை. அடுத்த நாள் காலை நான் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினால், ரோட்டோரம், கேற் வாசலில், இரண்டு காருக்கும் சவர்க்காரம் போட்டு ஹோஸ் பைப்பால் அடித்துக்கொண்டு அண்ணை நிற்கிறார். பின்பக்கம் இன்னொரு பைப்பில் பிள்ளைகளின் காற்றடிக்கிற நீச்சல் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது. நான் போய்க் குழாயை மூடினேன். கத்தவில்லை. "அண்ணை, இப்ப இதுக்குத் தடை" என்றேன். "ஆரடாப்பா பாக்கப் போறான் இந்தக் காட்டுக்குள்ள" என்று சிரித்தார்.

காட்டுக்குள் எல்லாரும் பார்ப்பார்கள் அண்ணை. நூற்றைம்பது பேர்கூட இல்லாத ஊர். ஈஸ்ட்ஹாம் ஹைஸ்ட்ரீட்டில்தான் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

தடை என்றால் நான் வீட்டில் இருந்து யோசித்துப் போட்ட தடை இல்லை. இங்கே கோடையில் ஆறும் நிலத்தடி நீரும் இறங்க இறங்க, பிரெஃபே என்பவர், நம் ஊர் அரசாங்க அதிபர் மாதிரி, ஆணை போடுவார். நாலு படி உண்டு, கடைசிப் படிக்குப் பெயரே 'நெருக்கடி'. நாங்கள் மூன்றாவதில் நின்றோம். அதில் வீட்டில் கார் கழுவக்கூடாது, புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது, நீச்சல் தொட்டி நிரப்பக்கூடாது. காய்கறிப் பாத்திக்கு மட்டும் இரவிலும் விடியற்காலையிலும் விடலாம். மீறினால் 1,500 யூரோ வரைக்கும் தண்டம். விஜியோ என்று அரசாங்கத்தின் இணையத்தளமே இருக்கிறது, முகவரியைப் போட்டால் அன்றைக்கு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று காட்டும். அதை வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். நீல டிக் விழுந்தது. 2022-ல் இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குழாயில் குடிதண்ணீரே நின்று, லொறியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிரான்ஸ் என்றால் ஈபிள் கோபுரமும் குரோசோனும்தான் என்று இருப்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டம்தான்.

"உன்ர வீட்டில பெரிய நீச்சல் குளம் இருக்கே, அது என்ன?" இதைத்தான் கொமெண்டில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. வீட்டோடு வந்தது. முந்தின சொந்தக்காரரான ஆங்கிலேயர் கட்டியது. மூடி போட்டு வைத்திருக்கிறோம், இந்த வருடம் புதிதாக ஒரு வாளி விடவில்லை, தண்ணீர் ஒரு முழம் இறங்கிக் கிடக்கிறது. சரி, வசந்தத்தில் நிரப்பினேன்தான். அப்போது தடை இல்லை. அதற்கு மேல் இதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அடுத்ததற்குப் போகலாம்.

சோளக்காரர்கள் இறைக்கிறார்களே என்றும் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நாடே அதைக் கேட்டு அடிபடுகிறது, 2023 மார்ச்சில் செந்த்-சொலின் என்ற ஊரில் விவசாயத் தண்ணீர்த் தேக்கத்துக்கு எதிராகப் போனவர்களும் பொலிசும் மோதியதை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்கும் அண்ணையின் காருக்கும் என்ன சம்பந்தம்?

ஹொலிடே, குடியிருப்பு என்று நான் பிரித்துச் சொல்வது இதைத்தான். இங்கே கோடை என்பது வேலை. காலை ஏழு மணிக்கு மர ஜன்னல்கதவுகளை இழுத்து மூட வேண்டும், இரவு ஒன்பதரைக்கு மேல்தான் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் அரை மீட்டர்க் கல்சுவர் வீட்டைக் குளிராக வைத்திருக்கும், ஏசி வேண்டாம். இவர்கள் மத்தியானம் ஒரு மணிக்கு "என்ன வீடு இது, செத்த வீடு மாதிரி இருட்டு" என்று எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, மூன்று மணிக்கு வெக்கை என்று என்னைக் கேட்டார்கள். தெற்கே வெரார்க் என்ற ஊரில் 2019 ஜூனில் 46 டிகிரி அடித்த நாடு இது. 2003 வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அதற்குப் பிறகுதான் ஊர்ச் சபைகள் தனியே இருக்கும் முதியவர்களின் பட்டியல் வைத்து, வெயில் ஏறினால் போன் பண்ணி, போய்ப் பார்க்கவும் செய்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு மதாமுக்கு 86 வயது. அவவைப் பார்க்கத்தான் அன்றைக்கு மேயர் வந்தார்.

அந்த மனுசன் எங்கள் கேற்றில் நின்றார். ரோட்டில் சவர்க்கார நுரை ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் பொன்ஜூர். பிறகு கை கொடுத்தார். பிறகு வெயிலைப் பற்றிக் கொஞ்சம். பிறகு மெல்ல, "விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் போல" என்றார். அவ்வளவுதான். தண்டம் எழுதவில்லை, தண்ணீர் என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. அவரும் ஒரு விவசாயி. மாடுகளுக்குப் புல் கருகிப்போய், குளிர்காலத்துக்கு வைத்த வைக்கோலை இப்போதே பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். அண்ணை பின்னால் இருந்து "என்னவாம் வெள்ளை?" என்று கேட்கிறார்.

பிரெக்சிட் நடந்ததிலிருந்து, பிரித்தானிய பாஸ்போர்ட் வைத்திருக்கிற எனக்கு ஊர்ச் சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. 2020 மார்ச் தேர்தலிலேயே போடமுடியாமல் போனது. ஊர்ச் சபைகளில் உறுப்பினராக இருந்த 700-க்கும் மேற்பட்ட பிரித்தானியர்களும் அதோடு போனார்கள். அதனால் மேயர் என்னிடம் மரியாதையாகப் பேசியது வாக்குக்காக இல்லை. எனக்கு அதுதான் சுட்டது.

"வெள்ளைக்காரனாகிட்டான்" என்றும் எழுதியிருக்கிறார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. லண்டனில் இருபத்து நாலு வருடம் இருந்தேன், 'நீ உண்மையில் எந்த ஊர்?' என்று கேட்காத டாக்சிக்காரன் இல்லை. இங்கே பாண்கடையிலிருந்து தபால்காரி வரைக்கும் எனக்குப் பெயர் லாங்லே, ஆங்கிலேயன். பாஸ்போர்ட்டை வைத்துச் சொல்கிறார்கள், முகத்தை வைத்து இல்லை. எய்மே என்ற ஊரில் கிரிக்கெட் விளையாடும் அசல் ஆங்கிலேயர்கள் தங்களை 'எக்ஸ்பாட்', அதாவது வெளிநாட்டில் குடியிருப்பவர், என்பார்கள். நான் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்களே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்கள். நான் மூன்றாவது தடவையாக அகதி மாதிரி மொழி படிக்கிறவன், எனக்கு அந்தச் சொல் தேவையும் இல்லை.

இப்போது விருந்தோம்பல். ஒன்பது பேருக்கு எட்டு நாள் என் மனைவி சமைத்தாள். கருவேப்பிலையைப் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலிலிருந்து ஒருவரிடம் சொல்லி அனுப்பி எடுத்தாள். இரவுச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனோம், வீட்டிலிருந்து தட்டு, கத்தி, முள்ளுக்கரண்டி, பிளாஸ்க் எல்லாம் காவிக்கொண்டு, ஏனென்றால் அங்கே அப்படித்தான், நீள மேசையில் இடம் பிடித்து, சாப்பாட்டைக் கடைகளில் வாங்கி, சொந்தத் தட்டில் சாப்பிடவேண்டும். "காசும் குடுத்து தட்டும் நாங்களா?" என்ற நகைச்சுவையை எட்டு நாளும் கேட்டோம். செப்டிக் டாங்கிக்குள் ஈரத்துணி போடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தேன். போட்டார்கள். அதையும் நான் எங்கும் எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன், பரவாயில்லை.

குளிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது பச்சைப் பொய். ஷவரில் வாளி வைத்துக் குளியுங்கள், தக்காளிக்கு ஊற்றலாம் என்றுதான் சொன்னேன். இது பிரெஞ்சுக்காரன் சொல்லித்தந்த புத்தியும் இல்லை. அண்ணை, உங்கள் வீட்டுக் கிணற்றடி ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் குளித்த தண்ணீர் எங்கே போனது? வாழைக்குப் போனது. சித்திரையில் தண்ணீர் அடியில் கலங்கி உவர்க்கத் தொடங்கினால் உங்கள் அம்மா, என் பெரியம்மா, ஆளுக்கு இத்தனை வாளி என்று எண்ணித்தானே விட்டா? அந்த வீட்டைத் தண்ணி தராத வீடு என்று நீங்கள் எழுதுவீர்களா?

அம்மா போன் பண்ணினா. ஈஸ்ட்ஹாமிலிருந்து, யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "உண்மையே தம்பி, பிள்ளையளுக்குத் தண்ணி குடுக்கேல்லையே?" எண்பத்து மூன்று வயதில் அவவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் "சரி, குடுத்திருக்கலாம்தானே" என்றா.

பன்னிரண்டு கிலோமீட்டரில், சூப்பர்மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பாவிக்கிற கார் கழுவும் இடம் உண்டு, அதற்குத் தடை இல்லை. அங்கே போகச் சொல்லிச் சில்லறையும் நான்தான் கையில் கொடுத்தேன். ரோசம், போகவில்லை. காய்ந்த சவர்க்காரக் கோட்டோடுதான் கார் லண்டனுக்குப் போனது.

பிள்ளைகளின் தொட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் இருக்கிறது. புலி நுளம்பு முட்டையிடாமல் என் பழைய சாரம் ஒன்றை இழுத்துக் கட்டி மூடியிருக்கிறேன். தினமும் இருட்டிய பிறகு அதிலிருந்து எட்டு வாளி அள்ளித் தக்காளிக்கும் கத்தரிக்கும் ஊற்றுகிறோம், மதாமின் இரண்டு ரோசாச் செடிக்கும் ஒரு வாளி. இன்னும் நாலைந்து நாளைக்கு வரும். பிறகு காயவைத்து மடித்து வைக்கிறேன், அண்ணை எப்போதென்றாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.