இலங்கையைக் கவிழ்த்தது ரேஷன் அரிசி அல்ல

மகளிர் உரிமைத்தொகை, கட்டணமில்லாப் பேருந்து, ரேஷன் அரிசி என்று பேச்செடுத்தாலே, "இப்படியே போனா நாமளும் இலங்கை மாதிரி ஆயிடுவோம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எங்கள் தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரமும் அதே பேச்சு. ரேஷன் கடையை நம்பி மாதத்தை ஓட்டும் குடும்பங்கள் இத்தனை இருக்கிற ஊரிலிருந்தே இது வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2022இல் கடனைக் கட்ட முடியாமல் இலங்கை கவிழ்ந்த கதை வேறு. 2019 டிசம்பரில் அதிபர் கோத்தபய ராஜபக்சவின் அரசு, சாமான் வாங்கும்போது கட்டும் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. நிறுவனங்களுக்கும் அதிக வருமானம் உள்ளவர்களுக்கும்கூட வரி குறைந்தது. அப்புறம் கொரோனா வந்து சுற்றுலா படுத்துவிட்டது. 2021இல் அரசின் வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 9 சதவீதம்கூட இல்லை. அதே ஆண்டு ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டு, விவசாயிகளைத் தவிக்கவிட்டு, சில மாதங்களில் பின்வாங்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது டாலர் கடன். சீனாதான் கவிழ்த்தது என்பது பாதிக் கதை. 2007 முதல் சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரம் விற்று வாங்கிய கடன், அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. மீட்டர் வட்டியில் சிக்கியவர் போல, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புதிதாகக் கொடுக்க ஆள் இல்லாத நாளில் எல்லாம் நின்றது. ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை முடியாது. தமிழ்நாட்டின் கடன் பற்றித் தாராளமாக விவாதிப்போம். ஆனால் ஒரு மாநில அரசு தானாகப் போய் வெளிநாட்டுச் சந்தையில் டாலர் கடன் வாங்க நம் அரசியலமைப்பில் இடமே இல்லை. அப்படியிருக்க இந்த ஒப்பீடு எங்கிருந்து வருகிறது?

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2022 ஜனவரியில், டாலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் கடன் பத்திரக்காரர்களுக்கு 50 கோடி டாலரைத் தேதி தவறாமல் கட்டினார்கள். மக்கள் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. அந்த டாலர் மருந்துக்கும் எரிபொருளுக்கும் போயிருக்க வேண்டும். ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று எப்படியும் கையை விரித்துவிட்டார்களே!

அதற்குள் சனம் நொந்துவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடக்கில் மீனவர்களின் படகுகள் கரையிலேயே கிடந்தன. காசிமேட்டில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த மே மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் தமிழ்நாட்டின் அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் போனது. புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், வவுனியாவில் இருக்கும் அக்காவுக்கு அது போய்ச் சேருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் கடனை யார் தலையில் கட்டினார்கள்? 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளின் பத்திரங்களை விட்டுவிட்டு, நம்ம ஊர் பி.எஃப். போன்ற, தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். 2024 ஜனவரியில் வாட் 18 சதவீதமானது. கடன் வாங்கியதில் ஒரு கையெழுத்துக்கூடப் போடாத தோட்டத் தொழிலாளி, இன்று வாங்கும் பல சாமான்களுக்கு அந்த வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.