ஊசி குத்துவதால் நுரையீரல் புற்றுநோய் பரவுமா?

‘நுரையீரல் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்க விடாதீர்கள், நோய் உடம்பெல்லாம் பரவிவிடும்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு சுற்றுகிறது. மறுநாள் பயாப்சிக்கு, அதாவது அப்படிச் சதை எடுத்துச் செய்யும் சோதனைக்குப் போக வேண்டிய ஓர் அக்கா, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் போனை நீட்டி, “போகலாமா தம்பி?” என்று கேட்டார். அவர் கை நடுங்கியது.

தயங்காமல் போங்கள் அக்கா. அந்தப் பதிவு சொல்வது தவறு. ஊசி போன வழியில் புற்றணு ஒட்டி வளர்வது மிக மிக அரிது.

பரவலின் வேர் உயிரணுவுக்குள் இருக்கிறது. ஈ-கேடரின் என்ற புரதம் அணுக்களைப் பசைபோல ஒட்டி வைத்திருக்கிறது. புற்றணுக்களில் ஸ்நெயில், ஸெப்1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் பெருகினால், அந்தப் பசையைத் தயாரிக்கும் மரபணுவை அடக்கிவிடும். மரபணு அங்கேயேதான் இருக்கும், சுவிட்ச் மட்டும் அணைந்துவிடும். பிடி தளர்ந்த அணு நகர்ந்து, ரத்தக் குழாய்க்குள் புகுந்து, மூளைக்கோ எலும்புக்கோ போய்ச் சேரும். பரவலுக்கு இது முக்கியமான ஒரு வழி. ஊசியே படாத கட்டியிலும் இது நடக்கும்.

சரி, சதை எதற்கு? நுரையீரல் புற்றுநோயில் அடினோகார்சினோமா என்பது ஒரு வகை. கிழக்காசியர்களுக்கு வரும் அந்த வகையில் ஏறக்குறைய பாதியில், அணு வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. எந்த மருந்து கேட்கும் என்பதைப் பெரும்பாலும் அந்தத் துளி சதைதான் சொல்லும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இணையத்தளத்தில் இதைச் சரிபார்க்கலாம். இங்கே உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.