அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் முன்

கவுன்சிலிங்குக்கு வரும் தம்பதிகள் "எங்களுக்குள்ள அடிக்கடி சண்டை வருது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடி என்ற பேச்சே எழாது. அதனால் யார் வந்தாலும் முதலில் தனித்தனியாகப் பேசிவிட வேண்டும். இங்கே எல்லோருக்கும் இதுதான் நடைமுறை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மனைவி ஏதோ சொல்லியிருக்கிறாள் என்ற சந்தேகம் கணவருக்கு வராது.

தனியாகப் பேசும்போது "வீட்டில் கொடுமை நடக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். நடந்ததை நேராகக் கேளுங்கள். தள்ளிவிட்டாரா? ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? போனை வாங்கிப் பார்க்கிறாரா? விருப்பமில்லாதபோது உறவுக்கு வற்புறுத்துகிறாரா? கழுத்தை நெரித்தாரா? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் ஆபத்து பல மடங்கு அதிகம். வெளியே தடயமே இல்லாமலும் உள்காயம் இருக்கும். குரல் கம்மியிருந்தாலோ விழுங்கும்போது வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் கேட்காமல் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள். வாய்திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போனதும் அதற்குத் தனியாக அடி விழும். புதிதாக வேலைக்கு வரும் கவுன்சிலர்கள் சறுக்குவதும் இங்கேதான். அவர் நிதானமாகப் பேசுவார், அவள் அழுதுகொண்டே கத்துவாள். யார்மேல் தப்பு என்ற கணக்கு தலைகீழாகிவிடும்.

சேர்ந்து பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளுக்குப் பயமில்லை, அவளே விரும்புகிறாள், அவர் தன் செயலை ஒப்புக்கொள்கிறார் என்றால் செய்யலாம். அப்போதும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தனியாக விசாரிக்க வேண்டும்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள், கவுன்சிலிங்கில் அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்கின்றன. அதைத் தொடங்கும் முன்பே அவரிடம் தெரிவிக்கவும் சொல்கின்றன. நடப்பதோ "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா". சட்டம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் பிரிந்து போக நினைத்தால் அந்தச் சமயம்தான் மிகவும் ஆபத்தானது. ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெண்கள் உதவி மையத்தின் 181 என்ற எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டாம், மனப்பாடம் செய்யட்டும். அடுத்த சந்திப்பை நினைவூட்ட எந்த போனில், எத்தனை மணிக்குக் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்பதையும் அவளிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.