மூக்கு தாழ்ந்திருப்பது குறை இல்லை, தம்பி

ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் எடுத்த அந்த வீடியோவை இதற்குள் பேராக், சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். கையில் அளவு டேப்பை வைத்துக்கொண்டு ஒரு தம்பியின் ஹைலக்ஸ் பிக்அப் பக்கத்தில் குனிந்து நிற்கிற ஆள் நான்தான். "அங்கிள், உங்க காலம் முடிஞ்சிருச்சு, தள்ளிக்கங்க" என்று சொன்னவர் அந்த வண்டிக்கு லெவல் கிட், அதாவது தாழ்ந்த முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்துக்கு மட்டமாக்குகிற சாமான், போட்டுக் கொடுத்த கடைக்காரர். அவர் பெயரையோ கடைப் பெயரையோ எழுதப் போவதில்லை, எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. ஆனால் அன்றைக்கு நான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல விடவில்லை, வீடியோவிலும் சிரிப்பு வரைக்கும்தான் இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

பிக்அப் வண்டி புதிதாக வரும்போதே முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கலாகத்தான் நிற்கும். ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாம் அப்படித்தான். அது குறை இல்லை. பின்னால் பாரம் ஏறியதும் அங்கே இருக்கிற லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) அமுங்கும், அப்போது வண்டி மட்டத்துக்கு வரும், அதற்காக வைத்த உயரம் அது. காலி வண்டியை மட்டமாக்கி வைத்துவிட்டு அப்புறம் பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், மூக்கு மேலே போய்விடும். ஸ்டீயரிங் பழையபடி இருக்காது. அதனால்தான் அந்தத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா பாரம் ஏத்துற?" என்பது. அதற்குத்தான் சுற்றி நின்றவர்கள் சிரித்தீர்கள்.

அவன் சொன்ன பதில் வீடியோவில் இல்லை. அவன் அப்பாவுக்கு லாசா பக்கம் கொஞ்சம் செம்பனை இருக்கிறது, அறுவடை நாளில் குலையும் உதிரிப் பழச் சாக்கும் அந்த வண்டியில்தான் ஏறுகிறது, உரம் வந்தால் உரமும் அதில்தான். அப்படிப்பட்ட வண்டிக்கு யாராவது முன்பக்கத்தை மட்டும் தூக்கிக் கொடுப்பார்களா? காசு வாங்குவதற்கு முன்னால் என்ன பாரம் ஏற்றுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

லெவல் பண்ணவே கூடாது என்று நான் சொன்னதாக ஒருவர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. முன்னால் இரும்பு புல் பாரும் (காப்புச் சட்டம்) வின்ச்சும் (இழுவை இயந்திரம்) போட்டவனுக்கு முன்பக்கம் இன்னும் இறங்கும், அவன் தூக்கித்தான் ஆக வேண்டும். பாரமே ஏற்றாமல் குடும்பத்தோடு ஓட்டுகிறவன் கொஞ்சம் தூக்கினால் எனக்கு என்ன? எதை வைத்துத் தூக்குகிறாய் என்பதுதான் என் கேள்வி. லெவல் கிட் போட்டவர்களிலேயே பல பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிட்டில் வருகிற ஸ்பேசர் என்பது ஒரு தடிமனான வளையம், அவ்வளவுதான். அதை இரண்டு விதமாகப் போடுகிறார்கள். ஒன்று, குலுக்கலை அடக்குகிற அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்திருக்கிற செட்டின் தலைக்கு மேலே, சேசிஸ் மவுண்டிங்குக்கு அடியில். ஒரு அங்குல வளையம் போட்டால் ஒரு அங்குலம்தான் ஏறும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அந்தச் செட்டின் அடிப்பக்கம், சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் இருப்பது ஆர்மின் நுனியில், அதனால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறும். ஓடும்போது சுகம் அவ்வளவாகக் கெடாது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது பழைய எல்லையைத் தாண்டிக் கீழே போகும். அப்போது மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கிற பால் ஜாயிண்ட் கடைசி வரைக்கும் மடங்கும், சக்கரத்தைச் சுற்றவைக்கிற டிரைவ் ஷாஃப்டின் மூட்டான சிவி ஜாயிண்ட் கூடுதல் கோணத்தில் சுற்றும், சில வண்டிகளில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கையே போய் இடிக்கும்.

இன்னொரு விதம், வளையத்தை ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவில் வைத்து ஸ்பிரிங்கை இறுக்குவது. இதில் வண்டி ஏறும், ஆனால் அப்சோர்பர் எப்போதும் நீண்டே நிற்கும். கீழே இறங்குவதற்கு மிச்சம் இருக்காது. சின்ன மேட்டைத் தாண்டினாலும் முன்பக்கத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது அப்சோர்பர் தன் முழு நீளத்துக்குப் போய் அடிக்கிற சத்தம். ரோடு சரியில்லை என்று ரோட்டைத் திட்டாதீர்கள்.

சரியான வழி, அந்த வண்டியின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் அதற்குத் தகுந்த நீளமுள்ள அப்சோர்பரும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி விற்கிற ஓல்ட் மேன் ஈமு ஸ்பிரிங்கை எடுத்துப் பாருங்கள். ஒரே வண்டிக்கு, முன்னால் ஒன்றும் இல்லாதவனுக்கு ஒன்று, புல் பார் போட்டவனுக்கு ஒன்று, வின்ச்சும் சேர்த்துப் போட்டவனுக்கு இன்னொன்று என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்களும் முதலில் கேட்பது என்ன பாரம் என்றுதான். நான் கேட்டால் மட்டும் கிழவன் உளறுகிறான் என்று ஆகிவிடுகிறது.

எந்த வழியில் தூக்கினாலும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், பார்த்தே ஆக வேண்டும். காஸ்டர் (முன் சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறைந்தால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். சக்கரத்தின் மற்றக் கோணங்கள் மாறினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். அட்ஜஸ்ட் பண்ணியும் காஸ்டர் வரவில்லை என்றால் மேல் ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தத் தம்பியிடம் அலைன்மெண்ட் தாள் கேட்டேன். "ஓட்டிப் பார்த்தாங்க அங்கிள், நேரா போகுதுன்னாங்க" என்றான்.

இப்போது நான் எதற்குக் குனிந்தேன் என்று சொல்கிறேன். சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லிவிட்டு கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தேன். ஸ்பிரிங்கின் மேல் சுற்றில் ஒரு இடத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது, விரல் நகம் அகலத்துக்கு. மேல் ஆர்ம் அங்கே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே பால் ஜாயிண்டின் ரப்பர் பூட் (உறை) மடிப்பில் பிளந்திருந்தது, உள்ளே கிரீஸும் செம்மண்ணும் கலந்து பிசுபிசுவென்று அப்பியிருந்தது. புது வண்டி அது. மாதத் தவணையே இன்னும் பல வருடம் கட்ட வேண்டிய வண்டி. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்ல நிமிர்ந்தபோதுதான் மறுபடியும் அந்தச் சிரிப்பு.

என் அப்பா தோட்டத்து லோரி டிரைவர். நான் பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துப் பட்டறையில் சேர்ந்தவன். அங்கே ஒரு பழைய ஹைலக்ஸ் இருந்தது, முன்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் வேலை செய்கிற இரும்புத் தண்டு) உள்ள மாடல். ஒரு போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் ஏறிவிடும், செலவே இல்லை. புதிதாக வந்த ஒரு பையன் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று முறுக்கிவிட்டான். மறுநாள் அப்பா அதில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார், வண்டி கொஞ்சம் நேரம் கழித்துத்தான் திரும்புகிறது. இறங்கி வந்து யாரையும் திட்டவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு, மூட்டை எல்லாம் மேலே இருக்கும்போதே வண்டியைச் சுற்றி நடந்து பார்க்கச் சொன்னார். காலியாக ஒரு தடவை அள, பாரத்தோடு ஒரு தடவை அள, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு ஓரம் வரைக்கும், நாலு மூலையிலும் அள என்றார். அன்றிலிருந்து பட்டறையில் அதுதான் வழக்கம். கோயில் திடலில் நான் டேப்பை எடுத்ததும் அந்தப் பழக்கத்தில்தான்.

"எங்க வண்டி, எங்க காசு, உங்களுக்கு என்ன பொறாமை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொறாமைப்பட என்ன இருக்கிறது? நம் பிள்ளைகள் ஹைலக்ஸ் வாங்குகிற அளவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இந்த ஊரில் இருக்க முடியாது. லயத்து வீட்டில் சைக்கிளுக்கே ஏங்கி வளர்ந்தவர்கள் நாங்கள்.

"அமெரிக்காவில் எல்லாரும் போடுறாங்க" என்பது அடுத்தது. போடட்டும். அங்கே ஃபோர்டு எஃப்-150 பிக்அப் வாங்கி வேலைக்குப் போகவும் கடைக்குப் போகவும் காலியாகவே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் தார் ரோட்டில் அதுவே போதும் என்று இருக்கலாம். அவர்கள் மழையில் ஊறிய தோட்டப் பாதையில் குலை ஏற்றிக்கொண்டு இறங்குவதில்லை.

"நல்ல செட் ஆயிரக்கணக்கில் ஆகும், ஸ்பேசர் சில நூறு வெள்ளிதான்" என்று ஒரு பிள்ளை பணிவாகவே எழுதியிருந்தான். இது நியாயமான பேச்சு. கையில் காசு இல்லை என்றால் இல்லைதான். அதற்கு என் பதில், காசு சேரும் வரைக்கும் வண்டியை வந்தபடியே விடு. அது அப்படியே நன்றாகத்தான் ஓடும். ஸ்பேசர்தான் போட வேண்டும் என்றால் மெலிதாகப் போடு, அலைன்மெண்ட் பார், பால் ஜாயிண்டையும் ஷாஃப்ட் பூட்டையும் அடிக்கடி குனிந்து பார். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), இன்சூரன்ஸ் பேச்சை நான் எடுக்கவில்லை, மாற்றம் செய்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய் என்பதோடு விடுகிறேன்.

விளக்கைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மூக்கு ஏறினால் விளக்கும் ஏறும். வண்டிக்குள் விளக்கைத் தாழ்த்துகிற சின்னத் திருகு பல மாடலில் இருக்கிறது, அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம். காலை ஐந்தரை மணிக்கு கோலகங்சார் பழைய ரோட்டில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் துண்டைக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற அக்காமார்கள் எத்தனை பேர். எதிரே உயர்த்திய வண்டி வந்தால் அவர்களுக்கு ரோட்டு ஓரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்து ஒதுங்குகிறார்கள். அவர்கள் நம் வீட்டுப் பெண்கள். உங்கள் அழகுக்கு அவர்கள் எதற்கு ரோட்டை விட்டு இறங்க வேண்டும்?

எனக்கு உண்மையிலேயே வலித்தது சிரிப்பு இல்லை. "தோட்டத்துப் பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்ததே, அதுதான். அந்தக் குரலும் தோட்டத்தில் பிறந்த குரல்தான், அவன் அப்பாவோடு நான் வேலை செய்திருக்கிறேன். உதிரிப் பாகம் வாங்க முடியாத காலத்தில் டிராக்டரையும் லோரியையும் மழையில் படுத்துக்கொண்டு ஓடவைத்த மனிதர்கள் அவர்கள். ஒரு சான்றிதழ் கிடையாது, சுவரில் மாட்ட ஒரு படம் கிடையாது. இன்றைக்கு பளபளப்பான போர்டு போட்ட கடையில் சொன்னால் அது அறிவு, எண்ணெய்க் கையோடு ஒருவன் சொன்னால் அது கேலி. நம் ஆட்களை நாமே இப்படிப் பேசினால் வேறு யார் மதிப்பார்கள்? எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன் என்று சொல்வீர்கள். போகட்டும். மனதில் இருந்தது.

அந்தத் தம்பிக்கு மட்டும் கடைசியாக. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நீ சிரிக்கவில்லை, அதையும் கவனித்தேன். அந்தக் கடைக்கே போக வேண்டும் என்றாலும் போ, ரசீதை எடுத்துக்கொண்டு போ. இரண்டு பக்கமும் மேல் பால் ஜாயிண்டைக் கழற்றிப் பார்க்கச் சொல், பூட் பிளந்த பக்கத்தை மாற்றச் சொல், வளையத்தை எடுத்துவிட்டு அலைன்மெண்ட் தாளைக் கையில் வாங்கு. அடுத்த அறுவடைக்கு அப்பாவோடு லாசா போவதற்கு முன்னால் இதைச் செய்துவிடு. அதுவரை குலை ஏற்ற வேண்டும் என்றால் என் பழைய டி-மேக்ஸ் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, வந்து சாவி வாங்கிக்கொள்.